மெரின் பிளைவூட் முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற மாதிரி சின்ன கேம்பர் டிரெய்லர் ஒன்றை வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். கோலாலம்பூரில் இதே வேலையில் இறங்குகிறவர்கள் பலகை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கெப்போங் பக்கம் ஒரு கடையில் சுவருக்கு 12 மில்லிமீட்டர் மெரின் பிளைவூட் (படகுக்குப் போடுகிற, தண்ணீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய பலகை) எடுத்தேன். ஒவ்வொரு பலகையிலும் மெரின் பிளைவூட்டுக்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1088 முத்திரை, விலையும் மெரின் விலைதான். லோரியிலிருந்து இறக்கும்போதே சில பலகைகள் வளைந்திருந்தன. கேட்டதற்கு, "ஸ்க்ரூ போட்டா நேராயிடும் அண்ணே" என்றான் கடைப் பையன். நேராகவில்லை. சட்டத்தில் முடுக்கியதும் சுவர் சட்டத்தையே இழுத்துக்கொண்டு போனது, கதவு வாசலின் மூலைகள் சதுரமாக நிற்கவில்லை.

அறுத்த ஓரத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு பக்கத்து மேல்தாள் காகிதம் மாதிரி மெலிசு, மறுபக்கம் தடிப்பு, நடுவில் விரல் நகம் நுழையும் இடைவெளிகள். இரண்டு முகமும் சமமாக இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக் காற்றில் இரண்டும் வேறு வேறு அளவில் உப்பும், பலகை வளையாமல் என்ன செய்யும்? ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன், அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. உண்மையான மெரின் பசை கொதிநீருக்கெல்லாம் விடாது. (அசல் மெரின் பலகையும் வளையும் என்பது வேறு கதை, பசைதான் தண்ணீரைத் தாங்கும், மரம் மரம்தான்.)

அதனால் கடையிலேயே ஓரத்தைப் பாருங்கள், பலகையைக் கிடையாகப் படுக்க வைத்து மூலைக்கு மூலை கண்ணை ஓட்டுங்கள். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் பலகை வேண்டவே வேண்டாம். ரசீதில் 'மெரின், பிஎஸ் 1088' என்று எழுதி வாங்குங்கள், வெறும் 'பிளைவூட்' என்றிருந்தால் அப்புறம் வாதாட ஒன்றும் இருக்காது.

ஏற்கெனவே வளைந்துவிட்டதா? குழிந்த பக்கத்தை லேசாக நனைத்து, சமதளத்தில் போட்டுப் பாரம் ஏற்றினால் ஓரளவு நிமிரும், ஆனால் நேரான குறுக்குச் சட்டங்களில் பசையும் ஸ்க்ரூவுமாகப் பிடிக்காவிட்டால் திரும்ப வளையும். இரண்டு முகத்துக்கும் ஓரங்களுக்கும் எப்பாக்சி என்கிற ஈரம் தடுக்கும் பிசினை ஒரே அளவு பூச வேண்டும், வெளிப்பக்கம் மட்டும் பூசினால் புதிதாக ஒரு வளைவை நாமே உண்டாக்குகிறோம். மூலைக்கு மூலை முறுக்கிக்கொண்ட பலகையோடு மல்லுக்கட்டாதீர்கள், அலமாரிக்கு வெட்டிக்கொள்ளலாம்.

கடைக்காரர் பணத்தைத் திருப்ப மறுத்ததால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ரசீது, முத்திரையின் படம், பிரிந்துபோன துண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். மனு போன பிறகு பாதிப் பணம் தருவதாகக் கூப்பிடுகிறார். லோரிக் கூலியோடு முழுசாக வராமல் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.