எங்கள் பங்கின் மறைக்கல்வி: சிறுவர் வகுப்பு அருமை, இளையோர்க்கு இடமில்லை

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்க ஆலயத்தைச் சார்ந்த சமூகத்தில், ஞாயிறு காலைத் திருப்பலி (பூசை) முடிந்ததும் மறைக்கல்வி எனப்படும் கிறிஸ்தவ சமயப் பாட வகுப்புகள் தொடங்கிவிடும். முதல் நற்கருணைக்கு (திருப்பலியில் வழங்கும் புனித அப்பத்தை முதன்முறையாகப் பெறுவதற்கு) தயாராகும் பிள்ளைகளின் வகுப்பை மனமாரப் பாராட்டுகிறேன். செபங்களை ஒப்பிக்க வைப்பதோடு ஆசிரியை நிறுத்துவதில்லை. லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் வரும், அடிபட்டுக் கிடந்தவரை யூத மதகுரு ஒருவர் கடந்து போக, வேற்றினத்தவரான சமாரியர் உதவும் நல்ல சமாரியர் உவமையைப் பிள்ளைகளையே நடிக்க வைத்தார். "அடிபட்டவரைப் பார்த்தும் குரு ஏன் விலகிப் போனார்?" என்று என் பேரன் கேட்டான். ஆசிரியை அதட்டவில்லை, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டு, வகுப்பு முழுவதையும் பேச வைத்தார். இத்தனையும் சம்பளம் இல்லாமல்! மறைக்கல்வியாளர் பணியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் திருஅவையின் முறையான திருப்பணியாக நிறுவியது இப்படிப்பட்டவர்களுக்கு உரிய மரியாதை.

பெரியவர்களுக்கு அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு) விவிலியப் பகிர்வு உண்டு. வீட்டுக்கு வீடு மாறி நடப்பதால் முழங்கால் வலியோடு என்னாலும் போக முடிகிறது. அறிவிப்புகளைக் குறைத்தால் பகிர்வுக்கு இன்னும் நேரம் கிடைக்கும்.

உறுதிபூசுதல் (திருமுழுக்கில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்ற பிறகு பிள்ளைகளுக்கு வகுப்பே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். கேள்விகள் பெருகும் வயதில் அவர்களை இப்படிக் கைவிடலாமா? கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று மாலை வகுப்பு ஒன்றைப் பங்குத்தந்தைக்கு ஆலோசனை தரும் குழுவான பங்குப்பேரவை உடனே தொடங்க வேண்டும். புதிதாகக் குடிவந்தவர்கள் சிறு பிள்ளைகளைத் தயங்காமல் சேர்க்கலாம்.