சான்றிதழ் கேட்கும்போது தனிச்சாவி எங்கே தங்குகிறது?

இணையதளத்தின் அடையாளத்தை உறுதிசெய்து பாதுகாப்பான இணைப்புக்கு உதவும் டிஎல்எஸ் சான்றிதழைக் கேட்டு அனுப்பும் சிஎஸ்ஆர் என்ற கோரிக்கைக் கோப்பில் தளத்தின் பெயர் போன்ற விவரங்களும் எவரும் பார்க்கக்கூடிய பொதுச்சாவியும்தான் போகின்றன. அதன் ரகசிய ஜோடியான, பிரைவேட் கீ எனப்படும் தனிச்சாவி, அது உருவான இடத்திலேயே தங்கிவிடுகிறது. அந்த இடம் எது என்று கேட்காமலே சான்றிதழ் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

லினக்ஸ் சர்வரில் சாவி உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் கட்டளையைக் கொடுத்தால், சாவி ஒரு சாதாரணக் கோப்பாகக் கைக்குக் கிடைக்கிறது. நகலெடுக்கலாம், வேறு சர்வருக்குக் கொண்டுபோகலாம். ஆபத்தும் அதில்தான். கோப்பின் உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்படி அனுமதியை 600 என்று இறுக்க வேண்டும். மறதியாக இணையதள அடைவுக்குள் போட்டுவிட்டால் எவரும் இறக்கிக்கொள்ளலாம்.

விண்டோஸின் இணைய சர்வர் மென்பொருளான ஐஐஎஸ்ஸில் சாவி கண்ணிலேயே படாது; இயங்குதளத்தின் சான்றிதழ்க் கிடங்குக்குள் போய்விடும். ஒருமுறை கோரிக்கையை அனுப்பிவிட்டு, சான்றிதழ் வருவதற்குள் அந்த சர்வரை அழித்துப் புதிதாக நிறுவிவிட்டோம். வந்த சான்றிதழைத் திறந்தேன். இதற்குரிய தனிச்சாவி உங்களிடம் இருக்கிறது என்று அடியில் வரவேண்டிய வரியும் இல்லை, பக்கத்தில் இருக்கும் குட்டிச் சாவிப் படமும் இல்லை. சாவி அதே கணினியில் இருந்து இணைப்பு மட்டும் விட்டுப்போயிருந்தால் செர்ட்யூட்டில் என்ற விண்டோஸ் கட்டளையால் ஒட்டவைக்கலாம். எங்களுடையது அழிந்தே போயிருந்தது. மீண்டும் முதலிலிருந்து கோரிக்கை அனுப்பினோம். இங்கே சான்றிதழ் வந்தவுடன் சாவியையும் சேர்த்து பிஎஃப்எக்ஸ் என்ற ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்துவதே முதல் வேலை.

சான்றிதழ் விற்பவரே சாவியையும் உருவாக்கித் தருவது மூன்றாவது வழி. நான் இதை ஏற்கவே மாட்டேன். 2018இல் டிரஸ்டிகோ என்ற மறுவிற்பனை நிறுவனம், தன்னிடம் இருந்த வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 23,000 தனிச்சாவிகளை மின்னஞ்சலில் சான்றிதழ் வழங்கும் நிறுவனமான டிஜிசெர்ட்டுக்கு அனுப்பியது. அந்தச் சான்றிதழ்கள் ரத்தாயின. அடுத்தவரிடம் நகல் இருக்கும் சாவி தனிச்சாவியே அல்ல.

இணையதளத்துக்கு என் தேர்வு சர்வரிலேயே உருவாக்குவதுதான். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் புதுச் சாவி. மென்பொருளில் கையொப்பமிடும் சான்றிதழுக்கு இந்தத் தேர்வே கிடையாது. 2023 ஜூன் 1 முதல் சாவி யூஎஸ்பி டோக்கன் அல்லது எச்எஸ்எம் (சாவிகளைப் பூட்டிக் காக்கும் தனிக் கருவி) போன்ற வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் ஜிஎஸ்டி, டெண்டர் வேலைகளுக்குப் பயன்படும் டோக்கனும் இதே வகை. சாவி அதற்குள்ளேயே பிறக்கிறது, வெளியே எடுக்க முடியாது. தொலைந்தால் நகலும் இல்லை. பழைய சான்றிதழை ரத்துசெய்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியதுதான்.