ஓட்டைப் பாட்டிலா, ஊசலா? தட்டைப் பூமிச் சித்தப்பாவிடம் எதைக் காட்டுவது

என் சித்தப்பா திருச்சியில் முப்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவர். கடைந்த இரும்பைக் கையில் வாங்கியதுமே எங்கே பிசகு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர், பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்த இரண்டாவது வருடம், பூமி தட்டை என்று சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் போனில் பார்த்த வீடியோக்களின் கைங்கரியம்.

அவருடைய வாதம் இரண்டே இரண்டுதான். முதலாவது: "கட்டை மிதக்குது, ஆணி மூழ்குது. கனமானது கீழ போகுது, லேசானது மேல போகுது. எல்லாம் அடர்த்திதான். இதுல ஈர்ப்பு விசை எதுக்குடா தம்பி?" இரண்டாவது: "மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வேகத்துல பூமி சுத்துச்சுன்னா, மொட்டை மாடியில உங்க சித்தி காயப்போட்ட வடாம் எங்க போயிருக்கும்?"

இரண்டாவதுக்கு வாயாலேயே பதில் சொல்லிவிடலாம். கடிகாரத்தின் மணி முள் ஒரு நாளில் இரண்டு சுற்று சுற்றுகிறது. பூமி ஒரே ஒரு சுற்று, அதாவது மணி முள்ளைவிட மெதுவான சுழற்சி, அது வடாமைத் தூக்கி எறியாது. பல்லவன் எக்ஸ்பிரஸில் டீ குடிக்கும்போது வண்டியின் வேகம் கப்புக்குத் தெரிவதில்லை, டிரைவர் பிரேக் போட்டால்தான் சட்டை நனைகிறது. ஆனால் இப்படிப் பேசுவது சித்தப்பாவிடம் எடுபடாது. உவமைக்கு உவமை அவரிடமும் இருக்கிறது. கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும். அதற்காக ஆறேழு மாதங்களில் நான் முயன்றவற்றையும் யோசித்துக் கைவிட்டவற்றையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

விண்வெளிப் படங்களை முதல் நாளே ஒதுக்கிவிட்டேன். 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகப் போட, இரண்டும் ஒன்றாகவே தரை தொட்ட வீடியோவைக் காட்டினேன். "ஸ்டுடியோ" என்றார். முடிந்தது.

கடலில் போகும் கப்பலின் அடிப்பகுதி முதலில் மறைவதைக் காட்டலாம் என்று பலர் சொல்வார்கள். நல்ல சான்றுதான். ஆனால் தண்ணீருக்கு மேல் இருக்கும் காற்று ஒளியை வளைத்துக் கண்ணை ஏமாற்றும். 1838-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கால்வாயில் சாமுவேல் ரோபாத்தம் என்பவர் ஆறு மைல் தூரம் படகைப் பார்த்துவிட்டுப் பூமி தட்டை என்று முடிவு கட்டினார். 1870-ல் அதே கால்வாயில், இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான வாலஸ், ஜான் ஹாம்டன் என்பவரோடு 500 பவுண்டு பந்தயம் கட்டி வளைவைக் காட்டினார். ஜெயித்தும் நிம்மதி இல்லை. தோற்ற ஹாம்டன் பல வருடம் வசைக்கடிதம் எழுதியே அவரை வாட்டி, அவதூறுக்காகச் சிறைக்கும் போனார். சொந்தக்காரர்களோடு பந்தயம் கட்டுவதற்கு முன் இந்தக் கதையை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. தவிர, திருச்சியில் கடலுக்கு எங்கே போவது?

ஊசல்தான் என் முதல் ஆசை. 1851-ல் பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது. பூமி சுழல்வதை ஊரே நின்று பார்த்தது. டெல்லியில் புது நாடாளுமன்றக் கட்டடத்திலும் ஒன்று தொங்குகிறது. எங்கள் வீட்டு மாடிப்படிக்கு நடுவில் நாலு மீட்டர் இடைவெளி இருந்தது. குண்டைக் கடைந்து கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சித்தப்பாவேதான். ஐந்து கிலோ இரும்பு, பழைய நண்பரின் லேத்தில் போட்டு, எலுமிச்சம்பழம் மாதிரி மொழுமொழுவென்று. "தோத்தாலும் வேலை சுத்தமா இருக்கணும்" என்றார்.

தோற்றது நான்தான். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதல் இடைஞ்சல். ஊசல் திரும்பும் வேகம் அட்சரேகையைப் பொறுத்தது. பாரிஸில் மணிக்கு 11 டிகிரிக்கும் மேல் திரும்பும். திருச்சியில் மணிக்கு 2.8 டிகிரிதான், முழுச் சுற்றுக்கு ஐந்து நாளுக்கும் மேல் ஆகும். என் ஊசலோ ஒரு மணி நேரத்துக்குள் ஆடி ஓய்ந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, குண்டு நேர்கோட்டில் ஆடாமல் லேசாக நீள்வட்டம் போடுவது. அந்த வட்டத்தின் அகலம் ஓரிரு சென்டிமீட்டர் இருந்தாலே போதும், நாலு மீட்டர் ஊசலில் அதுவே மணிக்குப் பல டிகிரி திருப்பிவிடும். பூமி திருப்புவது அதில் காணாமல் போகும். குண்டை நூலால் இழுத்துக் கட்டி, நூலை நெருப்பு வைத்து அறுத்து விடுவதெல்லாம் இதைத் தவிர்க்கத்தான். நானும் ஊதுபத்தியால் அறுத்துப் பார்த்தேன். வடக்கு அரைக்கோளத்தில் மேலிருந்து பார்த்தால் ஊசல் கடிகாரம் சுற்றும் பக்கம் திரும்ப வேண்டும். என்னுடையது நாற்பது நிமிடத்தில் எதிர்ப்பக்கம் பதினைந்து டிகிரி போயிருந்தது. சித்தப்பா படியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "என்னடா, இன்னிக்கு பூமி ரிவர்ஸ்ல போகுதா?"

கொக்கியைச் சரியாகச் செய்து, உயரமான கூடத்தில் வைத்தால் ஊசல் வேலை செய்யும், சந்தேகமில்லை. அதைச் செய்கிற கைத்திறன் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் எதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே எனக்கு உறைத்தது. சான்று எவ்வளவு பலமானது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது வேறு: நான் இல்லாதபோது அவர் தன் கையாலேயே அதைத் திரும்பச் செய்து பார்க்க முடியுமா? அவருக்கு நாசா மேல் நம்பிக்கை இல்லை, பாடப்புத்தகத்தின் மேல் இல்லை, என் மேலும் இல்லை. தன் கை மேல் மட்டும் முப்பது வருட நம்பிக்கை இருக்கிறது. இந்த ஒரு கேள்வியைப் போட்டதும் பாதிப் பட்டியல் காலி. கண்ணாடிக் குடுவையில் காற்றை உறிஞ்சிவிட்டு இறகையும் நாணயத்தையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒன்றாக விழும். மிதக்க வைக்கக் காற்றே இல்லாத இடத்தில் அவை ஏன் விழ வேண்டும் என்ற கேள்விக்கு அடர்த்திக்காரர்களிடம் பதில் கிடையாது. ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும். 1798-ல் ஈயக் குண்டுகள் ஒன்றையொன்று இழுப்பதை அளந்த கேவண்டிஷின் சோதனையைச் சிலர் வீட்டிலேயே செய்கிறார்கள். நான் தொடவில்லை, அதனால் அதைப் பற்றி அளக்கவும் மாட்டேன். ஹீலியம் பலூன் நல்ல வேடிக்கை. கண்ணாடி ஏற்றிய காரில் பிரேக் போட்டால் நாம் எல்லோரும் முன்னால் சாய்வோம், பலூன் மட்டும் பின்னால் போகும். அதன் அடர்த்தி மாறவில்லை, "மேலே" என்பதன் திசைதான் மாறியது. சித்தப்பா ரசித்தார். ஆனால் மறுநாள் பலூன் சுருங்கிவிட்டது.

மிஞ்சியது ஓட்டைப் பாட்டில். காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கத்தில், சூடு காட்டிய ஆணியால் ஒரு துளை. மூடியைக் கழற்றித் தண்ணீர் நிரப்பினால் பீய்ச்சியடிக்கும். இதுவரை சித்தப்பாவுக்கும் சம்மதம்: தண்ணீர் காற்றைவிட அடர்த்தி, அதனால் கீழே போகிறது. இப்போது பாட்டிலை மாடியிலிருந்து கைவிடுங்கள். விழுகிற முக்கால் விநாடியும் துளையிலிருந்து ஒரு சொட்டு வராது. போனில் ஸ்லோ மோஷன் வைத்து எடுத்தால் அப்பட்டமாகத் தெரியும்: கையில் இருக்கும்வரை வளைந்து பாயும் நீர், கை விட்ட கணத்தில் நறுக்கென்று நின்றுவிடும்.

இங்கேதான் அடர்த்திக் கணக்கு உதைக்கிறது. விழும்போது தண்ணீரின் அடர்த்தி மாறவில்லை. காற்றின் அடர்த்தி மாறவில்லை. துளையும் அதே துளை. அடர்த்தி மட்டுமே காரணம் என்றால் நீர் வந்துகொண்டே இருக்க வேண்டுமே? நின்றுபோனது அழுத்தம். மேலே இருக்கும் தண்ணீரின் எடை கீழே இருப்பதை அழுத்துவதால் வருவது அது. பாட்டிலும் தண்ணீரும் ஒரே மாதிரி விழும்போது, ஒன்றை ஒன்று அழுத்த வேலையில்லை. கட்டையை மேலே தள்ளுவதும் இதே அழுத்தம்தான். அடியில் கூடுதல், மேலே குறைவு. ஆர்க்கிமிடீஸின் மிதப்பு விசைச் சூத்திரத்தில் அடர்த்தி, கன அளவு இரண்டோடு ஈர்ப்பு முடுக்கமும் மூன்றாவதாகப் பெருக்கிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுழியாக்கினால் மிதப்பும் சுழி. ஈர்ப்புக்குப் பதிலாக மிதப்பை வைப்பது, சம்பளம் வேண்டாம் பி.எஃப். மட்டும் போதும் என்பது மாதிரி.

சித்தப்பா சும்மா விடுவாரா? "கீழ வரும்போது காத்து எதுத்து அடிச்சு ஓட்டையை அடைக்குது" என்றார். நியாயமான கேள்வி. இதற்குப் பாட்டிலிலேயே பதில் இருக்கிறது. அதை மேலே தூக்கி எறியுங்கள். மேலே போகும்போது காற்று எதிர்ப்பக்கம் அல்லவா அடிக்கிறது? அப்போதும் நீர் வராது. கை விட்ட கணத்திலிருந்தே, மேலே ஏறினாலும், அது விழுந்துகொண்டிருக்கும் பாட்டில்தான். இதை அவர் நம்பவில்லை. வாங்கித் தானே எறிந்தார். சட்டை முழுக்க நனைந்தது. திரும்பவும் எறிந்தார். நாலாவது தடவை போனை என் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் பாட்டில் அவரோடு டீக்கடைக்குப் போய்விட்டது.

பாட்டில் கைவிரிக்கும் இடமும் உண்டு. தட்டைப் பூமிக்காரர்களில் இன்னொரு வகையினர், ஈர்ப்பு என்று எதுவும் இல்லை, தட்டே ஓயாமல் மேல்நோக்கி முடுக்கிக்கொண்டு போகிறது என்பார்கள். அவர்களிடம் பாட்டில் செல்லாது. அந்தக் கதையிலும் நீர் இப்படித்தான் நிற்கும். பூமி சுழல்வதைப் பற்றியும் பாட்டில் வாயே திறக்காது. ஆஸ்திரேலியாக்காரர்கள் ஏன் கீழே விழவில்லை என்று சித்தப்பா கேட்டபோது ஆரியபட்டரைச் சொன்னேன். 499 வாக்கிலேயே அவர், உருண்டையான கடம்பப் பூவைச் சுற்றி எல்லாப் பக்கமும் இதழ்கள் நிற்பதுபோல் பூமியைச் சுற்றி உயிர்கள் நிற்கின்றன என்றார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் நகர்வதுபோல, நிலையான விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்றும் சொன்னார். சித்தப்பாவுக்குக் கடம்பப் பூ பிடித்தது. சுழற்சிக்கு மட்டும், "படகு சரி, துடுப்பு எங்க?" என்றார்.

ஆக, சுழற்சிக்கு இப்போது தராசை நம்பியிருக்கிறேன். 1672-ல் பாரிஸிலிருந்து பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கும் கயேனுக்குப் போன ழான் ரிஷே, தன் ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். காரணம், ரேகைப் பக்கம் எடை கொஞ்சம் குறைவு. துருவத்துக்கும் அதற்கும் அரை சதவீத வித்தியாசம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேராகச் சுழற்சியால், மீதி பூமி நடுவில் புடைத்திருப்பதால். துல்லியமான எலக்ட்ரானிக் தராசை எந்த ஊரில் வைக்கிறோமோ அந்த ஊரிலேயே கேலிப்ரேட் செய்ய, அதாவது தெரிந்த எடையை வைத்துத் திருத்திக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பூமி ஒரே தட்டாக மேலே போய்க்கொண்டிருந்தால் ஊருக்கு ஊர் எடை மாறக் கூடாது.

தங்கை மகன் தெற்கு ஜெர்மனியில் படிக்கிறான். அடுத்த மாதம் வந்து திரும்பும்போது, நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசையும் 200 கிராம் எடைக்கல்லையும் எடுத்துப் போகப் போகிறான். திருச்சியில் 200.00 என்று நிறுத்தினால் அங்கே அரை கிராம் கூடுதலாகக் காட்ட வேண்டும். இது காற்றின் மிதப்பால் வருவது என்று சித்தப்பா சொல்ல முடியாது. அந்த இரும்பு விலக்கும் காற்று மொத்தமே 0.03 கிராம்தான். மலிவுத் தராசு குளிரில் தடுமாறக்கூடும், அதனால் அறைக்குள் ஒரு நாள் வைத்துவிட்டு எடை போடச் சொல்லியிருக்கிறேன். கேலிப்ரேஷன் பட்டனை மட்டும் தொடக் கூடாது, தொட்டால் வித்தியாசம் போய்விடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சித்தப்பா கல்லை வாங்கி, அடிப்பக்கத்தில் நிரந்தர மார்க்கரால் தன் கையெழுத்தைப் போட்டார். "அவன் அங்க வேற கல்லை வச்சு போட்டோ எடுத்துடக் கூடாதுல்ல." மை காய்ந்த பிறகுதான் எடை போட வேண்டும் என்று சொன்னதும் அவரேதான்.