தம்பிக்குக் கோச் தேடி இரண்டு ஜிம்களில் உட்கார்ந்து பார்த்தது

என் தம்பி குத்துச்சண்டை வீரன். லைட் வெல்டர்வெயிட், 63.5 கிலோ. இடதுகைக்காரன். அமெச்சூரில் பெயர் எடுத்துவிட்டு புரொஃபஷனலுக்கு மாறி, நாலு ரவுண்டு சண்டைகளை வரிசையாக ஜெயித்துக்கொண்டு வருகிறான். இப்போது ஆறு ரவுண்டு, எட்டு ரவுண்டு என்று ஏற வேண்டிய நேரம். சின்ன வயதிலிருந்து அவனை வளர்த்த கோச்சே என்னைக் கூப்பிட்டு, "இனிமே இவனுக்கு என்கிட்ட இருக்கிறது போதாதும்மா. புரொஃபஷனல் கார்னர்ல நின்னு பழகின ஆளாப் பாரு" என்று சொல்லிவிட்டார். கார்னர் என்பது ரவுண்டு இடைவேளையில் கோச்சும் உதவியாளர்களும் வீரனைப் பார்த்துக்கொள்கிற ரிங் மூலை. தன் கையால் செதுக்கிய பையனை இன்னொருவர் கையில் கொடுக்கச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும்.

ரிங்குக்குள் போவது அவன். ஒப்பந்தம் படிப்பது, ஆள் விசாரிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அக்கா என் வேலை. அந்த முறையில் இரண்டு ஜிம்களில் அவனைச் சில வாரங்கள் சோதனைக்கு விட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன். இரண்டு இடத்தின் பெயரும் இதில் வராது. முதல் இடத்தின் மேல் எனக்குக் குறை இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிப் பரப்ப எனக்கு இஷ்டமில்லை. இரண்டாவது இடத்துக் கோச் விளம்பரமே வேண்டாம் என்கிறவர். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் உங்களுக்கு எட்டுகிற ஜிம்மில் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

முதல் ஜிம் பெரியது. இரண்டு ரிங், வரிசையாகப் பைகள், சுவர் கொள்ளாத சண்டை போஸ்டர்கள். தலைமைக் கோச் பேட் (கோச் கையில் மாட்டிக்கொண்டு குத்துகளை வாங்குகிற மெத்தை) பிடித்தால் கண்ணை எடுக்க முடியாது. சத்தமே ஒரு தாளம். தம்பி முதல் நாளே சொக்கிப் போனான். எனக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. பேட் பிடிக்கும்போது அடுத்த பஞ்ச் எது என்று கோச்சுக்கும் தெரியும், அடிக்கிறவனுக்கும் தெரியும். எதிராளி அப்படிச் சொல்லிவிட்டு வர மாட்டான். பேட் வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. தூரம் பழக, கை திரும்பி வரும் இடம் பழக அது தேவை. ஆனால் அதை மட்டும் பார்த்து ஒரு கோச்சைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. அங்கே பேட் முடிந்ததும் கேமராவும் போய்விடும், தலைமைக் கோச்சும் போய்விடுவார். மீதி நேரமெல்லாம் உதவியாளர்கள்தான்.

ஸ்பாரிங், அதாவது பயிற்சிக்காக இன்னொரு வீரனோடு மோதிப் பார்ப்பது, அதைவிட மோசம். வந்த புதிதிலேயே இரண்டு வெயிட் மேலே இருக்கிற ஒருத்தனோடு இறக்கிவிட்டார்கள். "பையன் எப்படின்னு பாத்துடுவோம்" என்றார்கள். ஸ்பாரிங் என்பது கற்றுக்கொள்கிற இடம். அங்கே வாங்குகிற அடிக்கும் தலை கணக்கு வைத்துக்கொள்ளும். அது சண்டையில் விழுந்த அடியா, பயிற்சியில் விழுந்த அடியா என்று மூளை பிரித்துப் பார்க்காது. தம்பி தாக்குப்பிடித்தான், நன்றாகவே ஆடினான். இருந்தாலும் இடைவேளையில் மூன்று பேர் மூன்று பக்கமிருந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருத்தர் ஜாப் (முன்னால் இருக்கிற கையால் சட்டென்று விடுகிற நேர் குத்து) போடு என்கிறார், ஒருத்தர் உள்ளே போ என்கிறார், இன்னொருத்தர் நகர்ந்துகொண்டே இரு என்கிறார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். எதையும் காதில் வாங்காமல் தலையை மட்டும் ஆட்டினான்.

கடைசியில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். கோச்சுக்குச் சண்டைப் பணத்தில் பத்து சதவீதம் என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்கிற கணக்கு, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்கள் கேட்டது பயிற்சியும் மேனேஜ்மென்ட்டும் ஒரே கையெழுத்தில், பல வருஷத்துக்கு. கோச்சே மேனேஜரும் ஆகிவிட்டால், "இந்தச் சண்டை இவனுக்கு இப்போ வேண்டாம்" என்று சொல்ல யார் மிச்சம்? மேனேஜரும் சண்டையை நடத்துகிற புரமோட்டரும் ஒரே பக்கம் நின்று வீரனை விற்றுவிடக் கூடாது என்றுதானே அமெரிக்காவில் 2000-இல் முகமது அலி பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்! சட்டம் இருக்கிற இடமோ இல்லாத இடமோ, இந்த மூன்று நாற்காலியிலும் மூன்று வேறு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கையெழுத்துப் போடாமல் வந்தோம்.

இரண்டாவது ஜிம்மில் ஒரே ரிங். கான்வாஸில் ஒட்டுப் போட்டிருக்கிறது. கோச்சுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஜெயித்த சண்டைகளின் வீடியோவைத் தம்பி எடுத்துக் காட்டப் போனான். அவர் கையால் தடுத்து, "தோத்தது இருந்தா அதைப் போடு தம்பி" என்றார். அமெச்சூரில் கடைசியாகத் தோற்ற சண்டையை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ரிங்கில் ஏற்றி, வெறுமனே நடக்கவிட்டார்.

அவர் கண் முழுக்கத் தம்பியின் காலில்தான் இருந்தது. இடதுகைக்காரன் வலதுகைக்காரனை எதிர்க்கும்போது இருவருடைய முன்கால்களும் ஒன்றுக்கொன்று இடிக்கும். யாருடைய முன்கால் வெளிப்பக்கம் இருக்கிறதோ, அவனுக்கு நேர் வழி திறக்கும். தம்பிக்கு இது தெரியாதது இல்லை. ஆனால் களைத்ததும் அவன் கால் தானாக உள்ளே வந்துவிடுகிறது, அப்போது எதிராளியின் வலதுகை நேராக இவன் முகத்துக்கு வருகிறது. தோற்ற சண்டையில் நடந்தது அதுதான். கோச் கான்வாஸில் வெள்ளை டேப்பால் ஒரு கோடு ஒட்டினார். பேட் இல்லை, பை இல்லை. கோட்டுக்கு வெளியே வலதுகால், அப்புறம் இடதுகை. மறுபடியும். மறுபடியும். மூன்று ரவுண்டு பழகிய உடம்புக்கு நாலாவது ரவுண்டுக்குப் பிறகுதான் இந்தப் பழுது வெளியே தெரியும் என்பதால், அவனை நன்றாகக் களைக்கவிட்டு அதற்குப் பிறகுதான் கோட்டுக்கு அழைத்து வருவார். பார்க்க எந்த சுவாரசியமும் இல்லாத வேலை. நான் இரண்டு ஜிம்களிலும் பார்த்ததிலேயே மதிப்புள்ள வேலையும் அதுதான்.

கை கட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகுச் சாய்வின் மேல் துண்டை மடித்து வைத்து, அதன் மேல் தம்பியின் கையை நீட்டச் சொன்னார். காஸ் துணியை ஒவ்வொரு சுற்று சுற்றியதும் "மூடு… திற… விரலை விரி" என்றார். விரித்தால் இறுக்கம் இருக்கக் கூடாது, மூடினால் கெட்டியாக நிற்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் அடியில் கொஞ்சம் பிடிக்கிறது என்று தம்பி சொன்னதும், அவ்வளவையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து கட்டினார். வெறும் பயிற்சி நாள் அது. புரொஃபஷனல் சண்டையில் கை கட்டுவதை அதிகாரி நின்று பார்த்து, மேலே கையெழுத்துப் போடுவார். எதிராளி தரப்பு ஆளும் வந்து நிற்கலாம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே பதறாமல் கட்டுகிற கை, தனியாக இருக்கும்போதே இப்படித்தான் கட்டும். கை உடைந்தால் ஒரு வருஷம் போய்விடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த ஒரு நிமிஷ இடைவேளைதான். அறுபது விநாடி. ஸ்டூல் உள்ளே வரும். தம்பி உட்காருவான். கோச் முன்னால் குந்தி, மவுத்பீஸை எடுத்து உதவியாளனிடம் கொடுத்துவிட்டு, சும்மா இருப்பார். மூச்சு இறங்கும்வரை ஒரு சொல் கிடையாது. ஒரு வாய் தண்ணீர். பிறகு ஒரே ஒரு விஷயம்: "ஜாப் போட்டதும் அவன் தலை வலப்பக்கம் போகுது. ரெண்டாவது ஜாப்பை அங்கே போடு." அவ்வளவுதான். கழுவிய மவுத்பீஸ் வாய்க்குள் போகும், எழுந்து நிற்பான். அடுத்த ரவுண்டில் அவன் அதைத்தான் செய்கிறானா என்று நான் பார்த்தேன். செய்தான். கோச் சொன்னது காதில் விழுந்து கையில் இறங்கியிருக்கிறது.

1981-இல் லாஸ் வேகாஸில் ஷுகர் ரே லெனர்டும் தாமஸ் ஹெர்ன்ஸும் மோதிய சண்டையில், பதின்மூன்றாவது ரவுண்டுக்கு முன்னால் கோச் ஆஞ்சலோ டண்டீ லெனர்டிடம் சொன்னதும் இந்த அளவுதான்: கோட்டை விட்டுக்கிட்டு இருக்கே மகனே. நடுவர்கள் மூன்று பேர் அட்டையிலும் ஹெர்ன்ஸ் முன்னால் இருந்தார். லெனர்ட் எழுந்து போய்ப் பதினாலாவது ரவுண்டில் சண்டையை முடித்தார். அந்தச் சொல் வேலை செய்ததற்குக் காரணம், டண்டீ மற்ற நேரத்தில் அப்படிக் கொட்டித் தீர்க்கிறவர் இல்லை என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். கார்னர் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1990 டோக்கியோவைப் பாருங்கள். மைக் டைசன் தன்னைப் பழக்கிய கெவின் ரூனியை 1988-லேயே விலக்கிவிட்டிருந்தார். பஸ்டர் டக்ளஸின் அடியில் கண் வீங்கியபோது, வீக்கத்தை அழுத்துகிற எண்ட்ஸ்வெல் என்ற சின்ன உலோகக் கட்டைகூட அவர் கார்னரில் இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி வைத்து ஒத்தடம் கொடுத்தார்கள். உலகத்திலேயே பெரிய வீரனுக்கு அந்த நிலைமை.

இரண்டு இடத்திலும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "எப்போ சண்டையை நிறுத்துவீங்க?" பெரிய ஜிம்மில் சிரித்துக்கொண்டே, "நம்ம ஜிம்ல டவல் கிடையாதுங்க" என்றார்கள், பெருமையாக. கார்னரிலிருந்து டவலை வீசினால் சண்டையை நிறுத்தச் சொல்வதாக அர்த்தம். இவரிடம் கேட்டபோது தம்பியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் சொன்னது ரெண்டு ரவுண்டா உன் காதுல ஏறலைன்னா நிறுத்துவேன். கை திரும்பி முகத்துக்கு வரலைன்னா நிறுத்துவேன். நீ வேண்டாம்னு கெஞ்சினாலும் நிறுத்துவேன். அதுக்கு இப்பவே சம்மதம் சொல்லு." தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி மாஸ்டர்" என்றான். அதுவரை அவரை அவன் 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

1975 மணிலாவில் ஜோ ஃப்ரேஸியர் பதினைந்தாவது ரவுண்டுக்குப் போகத் துடித்தபோது, அவர் கோச் எட்டி ஃபட்ச் அனுப்பவில்லை. ஒரே ஒரு ரவுண்டு பாக்கி, எதிரில் அலி. ஃப்ரேஸியரின் கண்கள் இரண்டும் மூடிக்கொண்டிருந்தன. அந்த நிமிஷத்தில் நிறுத்துகிற தைரியம் இருக்கிற ஆளிடம்தான் என் வீட்டுப் பிள்ளையைக் கொடுப்பேன்.

அடுத்த சண்டை விஷயத்திலும் இவர் குணம் தெரிந்தது. இந்த நேரத்தில் ஒரு வாய்ப்பு வந்தது: டிவியில் வருகிற நிகழ்ச்சி, எட்டு ரவுண்டு, அனுபவசாலியான எதிராளி, இரண்டு வாரம்கூட அவகாசம் இல்லை. பெரிய ஜிம்மில் விஷயம் தெரிந்து "உடனே எடுங்க" என்று ஃபோன் செய்தார்கள். இவர் எதிராளியின் சண்டைகளைப் பார்த்துவிட்டு, "ஜெயிக்கலாம். ஆனா இவன் விலாவுல அடிக்கிறவன். ஆறாவது ரவுண்டுல உன் தம்பி உடம்பு என்ன பண்ணும்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதல்ல ஆறு ரவுண்டு சண்டை ரெண்டு முடியட்டும்" என்றார். டிவி வாய்ப்பு தட்டிப்போனதில் எங்களுக்கு வருத்தம்தான், புரமோட்டருக்குக் கோபம். இருந்தாலும் பாதி தயாரான பையனை வெளிச்சத்துக்காக ஏற்றிவிடாதவர் என்பது எனக்குப் பெரிய விஷயம். எடையிலும் அப்படித்தான். கீழ் வெயிட்டுக்கு இறக்கலாமா என்று நாங்கள் கேட்டதற்கு, காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதி வரச் சொல்லி, அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு வேண்டாம் என்றார்.

குறைகளும் இருக்கின்றன. ஃபோனை எடுக்கவே மாட்டார். நேரில் போய்த்தான் பேச வேண்டும். உடற்பயிற்சி முறை பழசு. நீண்ட தூர ஓட்டத்திலேயே பாதிக் காலை போய்விடுகிறது. வெடிப்பான வேகத்துக்கும் வலுவுக்கும் நாங்கள் வெளியே தனியாக ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு அவர் தடை சொல்லவில்லை என்பது ஆறுதல். ஜிம்மில் நல்ல ஸ்பாரிங் ஆட்கள் குறைவு, வேறு ஜிம்களுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வெட்டுக்காயம் பார்க்கிற கட்மேன் அவரிடம் நிரந்தரமாக இல்லை. ஆறு ரவுண்டு சண்டைக்கே ஒருவரை உறுதி செய்யச் சொல்லி நான் எழுத்தில் கேட்டிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்.

புது கோச்சிடம் போனதும் அடுத்த சண்டையிலேயே அதிசயம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஒன்று. 2004-இல் ஹெவிவெயிட் வீரர் விளாதிமிர் கிளிட்ச்கோ, கோச் இமானுவேல் ஸ்டூவர்ட்டிடம் சேர்ந்து ஆடிய முதல் சண்டையில் லேமன் புரூஸ்டரிடம் ஐந்தாவது ரவுண்டில் தோற்றார். விலகிப் போகாமல் அங்கேயே இருந்தார். 2006-இல் மறுபடி பட்டம் வாங்கி, 2015 வரை கையை விட்டு விடவில்லை. நாங்களும் ஒரு வருஷத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். நடுவில் ஒரு தோல்வி வந்தாலும் அதை வைத்துக் கோச்சை மாற்றுவதில்லை என்று தம்பியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். மேனேஜ்மென்ட் அதில் சேரவில்லை. பத்து சதவீதம் எந்தத் தொகையில், செலவு கழித்தா கழிக்காமலா என்பதைத் தனி வரியாக எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.

ஹெவிவெயிட் ஆட்கள் இந்த மாதிரி சின்ன ஜிம்முக்கு வந்தால் ஸ்பாரிங் ஆட ஆள் கிடைக்காமல் திண்டாட வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பெரிய ஜிம்தான் தோது. அமெச்சூரிலிருந்து இப்போதுதான் மாறியிருக்கிற, காலில் வேலை பாக்கி இருக்கிற லைட்வெயிட், வெல்டர்வெயிட் பையன்களுக்கும் பெண்களுக்கும் இவரைப் போன்றவர் நூற்றுக்கு நூறு பொருத்தம். போகும்போது தோற்ற சண்டையின் வீடியோவை எடுத்துக்கொண்டு போங்கள்.