கோலாலம்பூரில் பாஸ்போர்ட் களவுபோனபோது கிடைத்த தூதரகச் சேவை

பத்துமலை முருகனைத் தரிசித்துவிட்டு நகரத்துக்குத் திரும்பும் வழியில் என் கைப்பை களவுபோனது. பாஸ்போர்ட்டும் அதனுள்தான் இருந்தது. காவல் நிலையத்தில் பெற்ற புகார் நகல், கைப்பேசியில் சேமித்திருந்த பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், புகைப்படங்கள் ஆகியவற்றுடன் கோலாலம்பூரிலுள்ள இந்திய ஹை கமிஷனுக்குச் சென்றேன். புதிய பாஸ்போர்ட்டுக்குக் காத்திருப்பதா, இந்தியா திரும்புவதற்கு மட்டுமே செல்லுபடியாகும் எமர்ஜென்சி சர்டிபிகேட்டைப் பெறுவதா என்பதை, பதற்றத்தில் நான் மீண்டும் மீண்டும் கேட்டபோதும் சலிக்காமல் அலுவலர் தமிழிலேயே விளக்கியது பெரும் ஆறுதல். இரண்டாவதையே தேர்ந்தேன்.

அந்தச் சான்றிதழ் கைக்கு வந்ததும் விமானம் ஏறிவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். மலேசியாவுக்குள் நுழைந்தபோது பதிந்த முத்திரையும் பாஸ்போர்ட்டுடனே போய்விடுவதால், குடிநுழைவுத் துறையிடம் வெளியேறுவதற்கான சிறப்பு அனுமதியையும் பெற வேண்டும். ஆகவே அது கிடைத்த பிறகே பயணத் தேதியை உறுதி செய்யுங்கள். தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் பிறகு கிடைத்தாலும் அதில் பயணம் செய்ய முடியாது என்பதையும் அலுவலர் சொல்லத் தவறவில்லை.

ஊர் திரும்பிப் புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோதும் அந்தக் காவல் துறைப் புகாரைக் கேட்டார்கள் என்பதால், அதன் மூலப்பிரதியை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.