அரியர் என்ற சொல்லும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரியும்

"நாலு அரியர் இருக்கு" என்று பொறியியல் மாணவர் சொன்னால், இன்னும் எழுதித் தேற வேண்டிய தாள்கள். "டி.ஏ. அரியர்ஸ் ஏறிடுச்சா?" என்று அரசு ஊழியர் கேட்டால், கைக்கு வர வேண்டிய பணம். ஒருவருக்குச் சுமை, இன்னொருவருக்கு வரவு. இந்தச் சொல் பிறந்த கதையைத் தேட, டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்த, ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் இணைய அகராதியான ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி அருமையான இடம். காசு கட்ட வேண்டாம்.

தேடும்போது கடைசியில் 'எஸ்' சேர்த்துப் பன்மையாகவே அடியுங்கள். லத்தீனில் 'ரெட்ரோ' என்றால் பின்னால். அதன் முன் 'அட்' சேர்ந்து, பழைய பிரெஞ்சில் 'அரியேர்' ஆகி, 'பின்னே' என்ற பொருளோடுதான் ஆங்கிலத்துக்குள் வந்தது. கட்டாமல் பின்தங்கிய பணம் என்ற பொருள் 15ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. பைக்கின் 'ரியர் வீல்' இதற்கு உறவுதான்.

பலர் சறுக்குவது பதிவின் சுருக்கங்களில். 'சி' என்ற எழுத்து எண்ணுக்கு முன்னால் நின்றால் 'சுமார்'. எண்ணோடு பின்னால் ஒட்டினால் 'நூற்றாண்டு'. '15சி' என்பது 1400களைக் குறிக்கும், 1500களை அல்ல. சொல்லுக்கு முன் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, மொழியியலாளர் ஊகித்துக் கட்டியது என்று பொருள். காட்டும் ஆண்டும் எழுத்தில் கிடைத்த முதல் சான்றின் ஆண்டுதான். பேச்சில் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம்.

குறை என்றால், இன்றைய புழக்கத்துக்கு இதை நம்ப முடியாது. கல்லூரி அரியருக்கு அங்கே இடமில்லை. வேலை ஒப்பந்தத்தில் சம்பளம் 'இன் அரியர்ஸ்' என்று போட்டிருந்தால், மாதம் முழுக்க வேலை பார்த்தபின் சம்பளம் என்றுதான் அர்த்தம்; பாக்கி வைப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். இதற்குச் சாதாரண அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள்களோடு விரிவாக வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதிதான். அதற்குச் சந்தா கட்ட வேண்டும்.

தமிழ்ப் பக்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். 'பாக்கி' அரபியிலிருந்து வந்தது. 'நிலுவை' நம் 'நில்' என்ற வேரில் பிறந்தது. ஆங்கிலேயருக்குப் பணம் பின்னால் தங்கிவிட்டது. நமக்கு அது நின்றுபோய்விட்டது.