ஏலகிரி காட்டு நடை: கட்டாயம் போகலாம், ஆனால் அதிகாலையில்

வேலூர் வெயிலில் வெந்தவர்களுக்கு ஏலகிரி என்றாலே படகு, பூங்கா, போண்டா அவ்வளவுதான். ஆனால் ஒரு உள்ளூர் அண்ணன் வழிகாட்டியாக நடத்தும், ஏலகிரியின் உச்சியான சுவாமிமலைக்குப் போகும் நடையை நான் மனதாரப் பரிந்துரைப்பேன், மரங்களை அவர் காட்டும் விதத்துக்காகவே.

அடிவாரத்தில் வேலமும் உசிலும், எல்லாம் சின்ன இலை, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் மரங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பார்கள், அதனால் ஏலகிரியின் சுமார் 1,100 மீட்டரில் ஈரம் சீக்கிரம் காய்வதில்லை, ஓடைப் பள்ளங்களில் நாவல் போன்ற பெரிய இலை மரங்கள் தழைக்கின்றன, அதே உயரத்தில் பாறை மேட்டில் மண் ஆழம் இல்லாததால் புல்லும் புதரும்தான். உயரம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் புரியும்.

ஒப்பிட்டுப் பார்த்தால், நியூசிலாந்தின் மலை பீச் (beech) என்ற காட்டு மரங்கள் மேலே போகப் போகக் குளிரில் குட்டையாகி, ஒரு கோட்டில் நின்றே விடும். நம் மலையில் கடிவாளம் குளிர் இல்லை, வறட்சி.

குறை என்றால், ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினார்கள், அதற்குள் பறவைகள் அடங்கிவிட்டன. ஆறு மணிக்கே வரச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், தண்ணீர் நீங்களே எடுத்துப் போங்கள், வழியில் கடை கிடையாது.